அந்தப் புத்தகம் எங்கே கிடைக்கும்?

நூலகத்துக்கு வருகிறவர்களில் பலருக்குப் புத்தகத்தின் பெயர் சரியாக நினைவிருக்காது. "பச்சை அட்டை மேடம், போன வருஷம் இந்த அலமாரியிலதான் இருந்துச்சு" என்பார்கள். அதைத் தேடி எடுத்துவிடலாம். நூலகத்தில் இல்லாதது, விலை கட்டுப்படியாகாதது, கடையிலேயே கிடைக்காதது என்று வரும்போதுதான் நூலகருக்கு உண்மையான வேலை. 1984-இல் லால்குடி பக்கம் ஒரு கிளை நூலகத்தில் மூன்றாம் நிலை நூலகராகச் சேர்ந்தேன். பிறகு ஸ்ரீரங்கத்திலும் திருச்சி நகரத்திலுமாக ஓய்வு பெறும்வரை என் உத்தியோகத்தில் பெரும்பகுதி இந்தத் தேடலில்தான் போனது.

இத்தனை வருஷத்தில் திரும்பத் திரும்பப் பார்த்தது ஒன்று. வாசகர் விலையைக் கேட்டுத் திரும்பிவிடுகிறார், அல்லது திருட்டுப் பிரதியைத் தேடிப் போகிறார். அதே புத்தகத்துக்குச் சட்டத்துக்கு உட்பட்ட, கையைக் கடிக்காத வழி பல சமயம் பக்கத்திலேயே இருக்கும். இருக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எண்பதுகளின் ஸ்ரீரங்கத்தில் எங்களுக்குப் போட்டி வாடகை நூலகங்கள்தான். வீட்டின் முன்னறையிலோ அடைத்த திண்ணையிலோ நடத்துவார்கள். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளை வாரா வாரம் பிரித்தெடுத்து, படங்களோடு சேர்த்துத் தைத்து, முதுகில் காலிகோ ஒட்டிய பைண்டு புத்தகங்கள் அங்கே மலையாகக் கிடக்கும். வாடகை புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு போல இருக்கும். ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஏம்மா, அடுத்தவன் எழுதினதை இப்படி வாடகைக்கு விட்டுக் காசு பார்க்கிறது தப்பில்லையா?" தப்பில்லை. காசு கொடுத்து வாங்கிய பிரதியை நாம் விற்கலாம், இரவல் தரலாம், வாடகைக்கும் விடலாம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் சினிமாவுக்கும் இசைத்தட்டுக்கும் மென்பொருளுக்கும்தான் வாடகை விஷயத்தில் தனிக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. புத்தகத்தில் அது தடுப்பது புதிதாகப் பிரதி எடுப்பதை. வாங்கிய ஒரு பிரதி நூறு கை மாறினாலும் சட்டத்துக்கு ஆட்சேபம் இல்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும், பழைய புத்தகக் கடை, வாடகை நூலகம், பொது நூலகம் மூன்றும் எதன் மேல் நிற்கின்றன என்று தெரிந்துவிடும்.

பொது நூலகத்தை "இலவசம்" என்று சொல்லும்போதெல்லாம் நான் மறுப்பேன். 1948-ஆம் ஆண்டின் மதராஸ் பொது நூலகச் சட்டம், எஸ்.ஆர். ரங்கநாதன் பாடுபட்டு, அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது வந்தது. அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலாகிறது, இன்றைக்கு ரூபாய்க்குப் பத்துக் காசு. நீங்கள் ஏற்கனவே பணம் கட்டிவிட்டீர்கள். திரும்பக் கிடைக்கும் காப்புத் தொகையும் சொற்பச் சந்தாவும் கட்டி உறுப்பினராகாமல் விடுவது கட்டின பணத்தை விட்டுக்கொடுப்பதுதான். வரி கட்டும் வீட்டுக்காரர்களிடம் இதைச் சொல்லியே நிறையப் பேரை உறுப்பினராக்கியிருக்கிறேன்.

நகரத்துக்கு மாற்றலாகி வந்தபோது கல்லூரிப் பையன்கள் கூட்டம். துவாக்குடி பொறியியல் கல்லூரி, செயின்ட் ஜோசப், ஜமால் முகமது, நேஷனல் என்று எல்லாப் பக்கமிருந்தும் வருவார்கள். அப்போது வெளிநாட்டுப் பாடநூல்களுக்கு நேர்மையான மலிவுப் பதிப்புகள் இருந்தன. அட்டையில் ஈ.எல்.பி.எஸ். என்ற எழுத்துகள் இருந்தால் பிரிட்டிஷ் அரசின் மானியத்தில் அச்சான புத்தகம். பக்க எண் முதற்கொண்டு மூலப் பதிப்பேதான், விலை மட்டும் அதில் ஒரு சிறு பங்கு. பிரெண்டிஸ் ஹால் இந்தியாவின் ஈஸ்டர்ன் எகானமி எடிஷன் இன்னொன்று. மாஸ்கோவின் மீர் பதிப்பகப் புத்தகங்கள் என்.சி.பி.எச்.சில் கிடைக்கும். இரோடோவின் இயற்பியல் கணக்குப் புத்தகத்தைக் கெட்டி அட்டையோடு டீ, டிபன் செலவில் வாங்கிய தலைமுறை திருச்சியில் இன்றும் இருக்கிறது.

1991-இல் சோவியத் ஒன்றியம் போனதோடு மீர் புத்தக வரத்து நின்றது. ஈ.எல்.பி.எஸ். தொண்ணூறுகளின் பிற்பாதியில் முடிந்தது. அந்த இடத்தை நிரப்பியது ஜெராக்ஸ் கடை. முழுப் பாடநூலையும் நகலெடுத்து, ஸ்பைரல் போட்டு, விலை ஒட்டாத குறையாக அடுக்கி வைத்திருப்பார்கள். பையன்கள் அதற்குப் போனதை நான் ஒருநாளும் திட்டியதில்லை. மலிவுப் பதிப்பு இருந்தவரை அதைத்தான் வாங்கினார்கள். அது நின்ற பிறகு போக வேறு இடம் இருக்கிறதென்று சொல்வது எங்கள் பொறுப்பு. தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களுக்காகத் தொழிற்கல்லூரிகளில் அரசின் புத்தக வங்கித் திட்டம் இருக்கிறது. ஒரு செட்டைச் சேர்ந்து படிக்கலாம். அது இருப்பது தெரியாமலே படித்து முடித்தவர்கள் உண்டு. பழைய பதிப்பும் உண்டு. ஏழாம் பதிப்புக்கும் எட்டாம் பதிப்புக்கும் பெரும்பாலும் பயிற்சிக் கணக்குகளின் வரிசைதான் மாறியிருக்கும். ஜூன் மாதத்தில் பழைய புத்தகக் கடைகளில் முந்தைய பதிப்பு பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். புதுப் பதிப்பு ஒன்றை நூலகத்தில் வைத்துக்கொண்டு கணக்கு எண்களை மட்டும் சரிபார்த்துக்கொள்ளச் சொல்வேன்.

ஜெராக்ஸ் பற்றிய சட்டம் பிற்பாடு தெளிவானது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை பாடப்பகுதிகளைத் தொகுத்து விற்றதை எதிர்த்து, ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்டு பிரான்சிஸ் பதிப்பகங்கள் 2012-இல் வழக்குப் போட்டன. 2016 செப்டம்பர் 16-இல் டெல்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. பாடம் நடத்தும் வழியில் ஆசிரியரும் மாணவரும் நகலெடுத்துக்கொள்ளச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது, கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதால் அது மாறிவிடாது என்பது அதன் சாரம். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வும் பாடத்துக்குத் தேவையான அளவு என்ற அளவுகோலையே வைத்தது. கல்லூரி ஆசிரியர்கள் பலருக்கு இந்தத் தீர்ப்பை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். பாடத்திட்டத்தில் உள்ள கட்டுரைகளைத் தொகுத்து மாணவருக்குக் கொடுக்கலாம், பயப்பட வேண்டாம். அதே தீர்ப்பைக் காட்டி ஒரு நாவலை முழுசாக அச்சடித்து நடைபாதையில் விற்பவருக்கு மட்டும் அதில் ஒரு வரிகூட ஆதரவாக இல்லை.

தமிழ்ப் புத்தகங்களின் கதை வேறு. இங்கே நமக்கென்று ஒரு வழி இருக்கிறது, வேறு மாநிலத்து நூலகர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்: நாட்டுடைமை. 1949-இல் பாரதி பாடல்களின் உரிமையை அரசு எடுத்துக்கொண்டது. பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பாடும் உரிமையை வைத்திருந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் அதை விட்டுக்கொடுத்தார். பிறகு பாரதி எல்லோருக்கும் பொதுவானார். 1921-இல் மறைந்தவருக்குச் சாதாரணக் கணக்கில் 1971 முடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். அதன் பின் அரசு வாரிசுகளுக்குப் பரிவுத் தொகை கொடுத்து நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்களைப் பொதுவாக்கியிருக்கிறது. சுந்தர ராமசாமி, கண்ணதாசன் குடும்பத்தார் வேண்டாம் என்று சொன்னார்கள். அது அவர்கள் உரிமை, அரசும் வற்புறுத்தவில்லை.

1999-இல் கல்கி நாட்டுடைமையானபோது அதன் விளைவைக் கண்ணால் பார்த்தேன். பொன்னியின் செல்வனின் ஐந்து பாகங்களுக்கு அதுவரை எங்களிடம் காத்திருப்புப் பட்டியல் இருக்கும். இரண்டாம் பாகம் ஒருவரிடம், நான்காம் பாகம் இன்னொருவரிடம், மூன்றாம் பாகம் எங்கே என்று தெரியாது. ஓரிரு வருஷத்தில் ஆளுக்கொரு பதிப்பகம் போட்டு விலை சரிந்தது. வீட்டு வேலை செய்யும் ஒரு அம்மா தன் மகளுக்காக முழு செட்டையும் வாங்கி வந்து, அட்டை போட்டுத் தரச் சொல்லி என் மேஜையில் வைத்தார். பாதகமும் உண்டு. அவசரப் பதிப்புகளில் எழுத்துப் பிழை மலிந்திருந்தது, ஓரிரண்டில் அத்தியாயத்தின் வால் பகுதியே காணோம். மலிவுப் பதிப்பு வாங்குகிறவர்களிடம் நடுவில் நாலு பக்கம் படித்துப் பார்த்து வாங்கச் சொல்வேன். இன்னொன்று, நாட்டுடைமையானது கல்கியின் எழுத்து. மணியம் வரைந்த படங்கள் அதில் சேராது. ஓவியர் 1968-இல் மறைந்தார், அந்தப் படங்களுக்கான காலம் 2028 முடியும்வரை ஓடுகிறது.

இதே கணக்கு ஸ்ரீரங்கத்தில் வேறு விதமாக வரும். திவ்யப் பிரபந்தம் பொதுச்சொத்து, பெரியவாச்சான் பிள்ளையின் வியாக்கியானமும் பொதுச்சொத்து. ஆனால் அந்த வியாக்கியானத்தைச் சுவடியோடு ஒப்பிட்டுத் திருத்தி, அரும்பதம் எழுதி, எளிய தமிழில் விளக்கிப் போட்டவரின் உழைப்பு அவருடையது. புத்தூர் அக்ரகாரத்திலிருந்து எஸ். கிருஷ்ணஸ்வாமி அய்யங்கார் ஸ்ரீவைஷ்ணவ சுதர்சனம் வழியாகச் செய்த பதிப்புகள் அப்படிப்பட்டவை. உத்திர வீதிப் பெரியவர் ஒருவர் ஈடு வியாக்கியானத் தொகுதி ஒன்றை முழுக்க நகலெடுத்து அடியார்களுக்கு விநியோகிக்க ஆசைப்பட்டார். "பெருமாள் சொத்துக்கு யார்ம்மா உரிமை கொண்டாடுறது?" என்று கோபமாகவே கேட்டார். மூலம் மட்டும் வேண்டுமானால் பழைய அச்சுப் பதிப்பிலிருந்து தாராளமாக எடுக்கலாம், புது விளக்கத்துக்கு வெளியிட்டவர்களைக் கேட்போம் என்றேன். எழுதிக் கேட்டோம். மொத்தமாக வாங்கினால் அடக்க விலைக்குத் தருகிறோம் என்று பதில் வந்தது. நகலெடுக்கும் செலவைவிட அது குறைவு. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

எழுத்தாளர் சுஜாதா விஷயம் அடிக்கடி வரும். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர், தெருவெல்லாம் அவர் கதைகளில் இருக்கிறது. கல்லூரிப் பையன் ஒருவன் கேட்டான்: "மேடம், அவர் இறந்துட்டாரே, இனிமே பிடிஎஃப் போட்டா என்ன?" 2008-இல் மறைந்தார். எழுத்தாளர் மறைந்த மறு ஆண்டிலிருந்து அறுபது வருஷம் உரிமை வாரிசுகளுக்கு, அதாவது 2068 முடியும்வரை. இந்த அறுபதும் முன்பு ஐம்பதாக இருந்தது. தாகூரின் எழுத்து பொதுவாகப் போகிற நேரத்தில், 1992-இல் நீட்டினார்கள். பையனுக்குச் சட்டத்தைச் சொன்னதைவிட, அலமாரிக்குக் கூட்டிப்போய் மூன்று புத்தகம் எடுத்துக் கொடுத்ததுதான் வேலை செய்தது. படித்து முடித்து வந்து இன்னும் இருக்கா என்றான். எங்களிடம் இல்லாததை மாவட்ட மைய நூலகத்தில் பார்க்கச் சொன்னேன். அங்கும் இல்லாத ஒன்றைப் பரிந்துரைப் பதிவேட்டில் எழுதச் சொன்னேன். அந்தப் பதிவேடு ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. நாலு பேர் ஒரே புத்தகத்தை எழுதினால் அதற்கு எடை உண்டு.

விலையைவிடக் கடினமானது அச்சில் இல்லாத புத்தகம். இதில் எனக்கு மறக்க முடியாத ஒரு வேலை அமைந்தது. திருவானைக்காவலில் இருந்து ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஐம்பதுகளில் வந்த ஒரு நாவலைத் தேடி வந்தார். எழுத்தாளர் எண்பதுகளில்தான் மறைந்திருந்தார், உரிமை உயிரோடு இருக்கிறது. பதிப்பகம் மூடிவிட்டது. எங்களிடம் ஒரே பிரதி. எடுத்தால் கையோடு வரும் தாள், விளிம்பெல்லாம் பொடிந்து, தேதிச் சீட்டு நிரம்பி அதன் மேல் இன்னொரு சீட்டு ஒட்டியிருந்தது. அதை ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் என்று கைமாற்றிக் கொடுத்தால் இன்னும் இரண்டு வாசகர்தான் தாங்கும்.

பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் (ஓ) என்ற உட்பிரிவு பொது நூலகத்துக்கானது. இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத புத்தகத்தை, நூலகப் பொறுப்பாளர் தன் மேற்பார்வையில், நூலகத்தின் உபயோகத்துக்காக மூன்று பிரதிக்கு மேற்படாமல் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முதலில் விற்பனையில் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். பதிப்பாளர்களுக்கும் பழைய புத்தக வியாபாரிகளுக்கும் கடிதம் போட்டு, பதில்களைக் கோப்பில் வைத்தோம். மேலதிகாரியிடம் அனுமதி வாங்கினோம். பிறகு பைண்டரைக் கூப்பிட்டோம். அவர் தையலை வெட்டிப் பாரம் பாரமாகப் பிரித்தார். முதுகை அழுத்திக் கவிழ்த்துப் போட்டால் முறிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு தாளாகத்தான் கண்ணாடியில் வைக்க வேண்டும். நகலெடுத்து முடித்ததும் மூலப் பிரதியைப் பழையபடி தைத்தார். மைதாப் பசையில் மயில்துத்தம் கொஞ்சம் கலந்தார், பூச்சி அண்டாமல் இருக்க. மூலத்தை இரவல் கொடுக்காமல் உள்ளே வைத்தோம், நகல்களுக்குச் சேர்க்கை எண் போட்டு அலமாரியில் வைத்தோம்.

தமிழாசிரியர் ஒரு பிரதியைத் தனக்கென்று கேட்டார். அது முடியாது, இது நூலகத்தின் உபயோகத்துக்கு என்று மட்டும் அனுமதிக்கப்பட்டது, நீங்கள் எடுத்துப்போய்ப் படித்துவிட்டுக் கொண்டுவாருங்கள் என்றேன். வருத்தம்தான் அவருக்கு. ஆனால் அவருக்குப் பிறகு நிறையப் பேர் அதே நகலைப் படித்தார்கள். 2012-இல் சட்டம் திருத்தப்பட்டபோது, நூலகத்தில் அச்சுப் பிரதி இருக்கும் புத்தகத்தைப் பாதுகாப்புக்காகக் கணினியில் சேமித்து வைக்கவும் இடம் வந்தது. பழைய புத்தகத்தைக் கழித்துக் கட்டும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். நாம் கழிக்கிற பிரதி மாவட்டத்தின் கடைசிப் பிரதியாக இருக்கலாம்.

அதே 2012 திருத்தம் இன்னொரு கதவையும் திறந்தது. புத்தூரில் பார்வையற்ற பெண்களுக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. அங்கே படித்து, கல்லூரியில் தமிழ் முதுகலைக்கு வந்த ஒரு பெண் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு வருவாள். பிரெய்லில் இருந்தவை பள்ளிப் பாடங்கள்தான். நாவலும் விமரிசனமும் யாராவது வாசித்துக் காட்டினால் உண்டு. தோழிக்கு வேலை வந்தால் இவள் படிப்பு நிற்கும். "அக்கா, பரீட்சைக்குப் பதினெட்டு புத்தகம். எனக்கு ரெண்டுதான் ஆச்சு" என்றாள்.

திருத்தத்துக்குப் பிறகு, அச்சை வாசிக்க முடியாதவர்களுக்காக அவர்கள் பயன்படுத்தும் வடிவில் எந்த நூலையும் யாரும் லாப நோக்கில்லாமல் மாற்றித் தரலாம். உரிமைதாரரிடம் கேட்க வேண்டியதில்லை. சட்டம் வந்தாலும் வேலை சுலபமாகவில்லை. ஸ்கேன் செய்த பக்கம் கணினிக்கு வெறும் படம், அது வாசிக்காது. ஒரு பதிப்பாளர் பெரிய மனதோடு தன் கணினிக் கோப்பையே கொடுத்தார். பழைய எழுத்துருவில் அடித்தது. திரைவாசிப்பான் அதை ஆங்கில எழுத்துக் குப்பையாகப் படித்தது, அந்தப் பெண் சிரித்தே விட்டாள். எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்றி, ஒற்று விட்டுப்போன இடங்களைக் கல்லூரி மாணவிகள் பங்கு போட்டுத் திருத்திக் கொடுத்தார்கள். முதல் கோப்பை அவள் காதில் போட்டுக் கேட்டபோது, வேகத்தைக் கூட்டச் சொன்னாள். எங்களுக்கு ஒரு சொல்லும் பிடிபடாத வேகத்தில் அவள் நாவல் படித்தாள்.

அச்சை வாசிக்க முடியாதவர்களுக்கு நூல்கள் கிடைக்கச் செய்யும் மராக்கேஷ் ஒப்பந்தத்தை 2014-இல் முதலில் உறுதி செய்த நாடு இந்தியா. 2016-இல் அவர்களுக்கென்றே சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் வந்தது. அதில் தமிழ் நூல்கள் இன்னும் நிறையச் சேர வேண்டும். மாணவர் அமைப்புகள் எந்தச் சேவை செய்யலாம் என்று என்னிடம் கேட்டால் மரக்கன்றுக்கு அடுத்தபடி இதைத்தான் சொல்வேன்.

இப்போது நூலகங்களில் இடம் பிடிக்க முண்டியடிப்பது டி.என்.பி.எஸ்.சி. எழுதுகிறவர்கள். அவர்களுக்கு வேண்டிய ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரையிலான பாடநூல்களை அரசே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதிலிருந்து எடுத்துத் தொகுத்த கைடுகளைக் கள்ளத்தனமாகச் சுற்றும் பிடிஎஃப் ஆகத் தேடி அலைகிறார்கள். மூலத்தைப் படியுங்கள் என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியிருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமை நூல்கள் கிடக்கின்றன, பெரியசாமித் தூரன் பதிப்பித்த கலைக்களஞ்சியத் தொகுதிகள் கிடக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த இலக்கியங்கள் இருக்கின்றன. கைபேசியில் இந்த மூன்று இடத்தையும் காட்டிக் கொடுக்க எனக்கு ஐந்து நிமிஷம் போதும்.

ஓய்வு பெற்ற பிறகும் தெருக்காரர்கள் கேட்கிறார்கள். அச்சில் இல்லாத புத்தகத்துக்கு இப்போது எங்கள் காலத்தில் இல்லாத ஒரு வழி வந்திருக்கிறது. முன்பு ஒரு புத்தகத்தை மறுபதிப்புப் போட ஆயிரம் பிரதியாவது அச்சடிக்க வேண்டும். இன்று டிஜிட்டல் அச்சில் ஐம்பது பிரதிகூடப் போடலாம், ஆர்டருக்கு ஒன்றாகவும் போடலாம். அதனால் பதிப்பாளருக்கோ வாரிசுக்கோ கடிதம் எழுதச் சொல்கிறேன். "இந்தப் புத்தகம் வேண்டும்" என்று மட்டும் எழுதினால் நகராது. நூலின் பெயர், முதல் பதிப்பு வந்த ஆண்டு, பிரதி எந்த நூலகத்தில் இருக்கிறது, எத்தனை பேர் வாங்கத் தயார், இந்த நாலையும் எழுத வேண்டும். ஸ்ரீரங்கத்து வாசகர்கள் சிலர் சேர்ந்து அப்படி எழுதியதில் பழைய சிறுகதைத் தொகுதி ஒன்று போன வருஷம் மறுபடி அச்சுக்கு வந்தது. அதில் இரண்டு பிரதி கிளை நூலகத்துக்கு வாங்கிக் கொடுத்தோம், எழுத்தாளரின் பேத்திக்கு ராயல்டி போனது.